இரண்டாவது பைக்: குரூசரா, ஸ்போர்ட்டா?

மூன்றாம் கியர்

வணக்கம். ஆறு வருடமாக ஒரே ஒரு 150 சிசி பைக்தான் ஓட்டுகிறேன். மீட்டரில் 48,000 தாண்டிவிட்டது, இன்றைக்கும் பட்டனைத் தொட்டால் கிளம்புகிறது, அதை விற்கிற எண்ணம் இல்லை. அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கலாம் என்று கொஞ்ச நாளாகக் காசு சேர்த்து, இப்போது முடிவெடுக்கிற நேரம் வந்ததும் குழம்பிப்போய் நிற்கிறேன்.

கண்ணில் நிற்பது இரண்டு. கவாசாகி வல்கன் எஸ், அல்லது நின்ஜா 650. ஒரே கம்பெனி, ஒரே 649 சிசி இன்ஜின். ஒன்று காலை நீட்டி உட்காரும் குரூசர், மற்றது கொஞ்சம் குனிந்து உட்காரும் ஸ்போர்ட். இன்ஜின் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் வெறும் தோற்றத்தில்தானா, அதுதான் என் முதல் சந்தேகம்.

உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ, வயது நாற்பதைத் தொடப் போகிறது. தினசரி வேலைக்கு 150 போதும். புதியது வார இறுதிக்குத்தான், போய்வர 250, 300 கிலோமீட்டர், பெரும்பாலும் நேர் ரோடு, கடைசியில் ஒரு 40 கிலோமீட்டர் மலை வளைவுகள். மாதத்தில் ஒரு தடவை மனைவி பின்னால் வருவாள். (அவளுக்கும் 150 ஓட்டத் தெரியும். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்பது அவள் கருத்து.)

ஷோரூமில் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். வல்கனில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தது, வீட்டு சோபா மாதிரி இருந்தது. நின்ஜாவில் முன்பாதம்தான் ஊன்றியது, ஆனால் டேங்கை முட்டியால் பிடித்ததும் நெஞ்சு படபடத்தது. எதிரே இருந்த கண்ணாடியில் என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்களில் பாதிப்பேர் "இந்த வயசுல ஸ்போர்ட் பைக்கா" என்கிறார்கள். மீதிப்பேர் "குரூசர் எல்லாம் ரிட்டயர் ஆனவங்களுக்கு" என்கிறார்கள். இரண்டு வகையும் வைத்திருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கிளட்ச் கம்பி

150-ஐ வைத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னீர்கள் பாருங்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது. ஒரே பைக்கோடு வாழ்கிறவர்தான் டிராஃபிக்கில் எப்படி, கடைக்குப் போக எப்படி, மழையில் எப்படி என்றெல்லாம் யோசிக்க வேண்டும். உங்களுக்கு அந்த வேலைகளைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 150-இல் கிடைக்காத எது வேண்டும், அது ஒன்றுதான் கேள்வி. 

ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எது நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள், அந்த 200 கிலோமீட்டர் நேர் ரோடா, கடைசி 40 கிலோமீட்டரா? எனக்கு வளைவுதான் வரும். அதனால் நான் ஸ்போர்ட் கட்சி.

சாய்வுக் கோணம்

ஒரே இன்ஜின் என்றால் ஒரே பைக்தானே என்ற சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஒன்றுதான், 2006 வாக்கில் நின்ஜா 650ஆர்-இல் வந்த பேரலல் ட்வினின் (இரண்டு சிலிண்டர் பக்கம் பக்கமாக இருக்கும் இன்ஜின்) வாரிசு. வல்கனில் அதைக் கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும்படி ட்யூன் செய்து, ஃப்ளைவீலை (இன்ஜின் சுழற்சியைச் சீராக வைக்கும் சக்கரம்) கொஞ்சம் கனமாக்கியிருக்கிறார்கள். நின்ஜாவில் சுமார் 68 குதிரைத்திறன், வல்கனில் சுமார் 61. டார்க் (இழுப்பு விசை) இரண்டிலும் 63, 64 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். ஹோண்டாவிலும் இதே கதை உண்டு, ரெபெல் 500 என்ற குரூசரிலும் சிபிஆர்500ஆர்-இலும் இருப்பது ஒரே 471 சிசி இன்ஜின். ஆக இன்ஜினை வைத்து முடிவெடுக்க முடியாது, வித்தியாசமெல்லாம் அதைத் தாங்கி நிற்கிற சேஸிஸில்.

வல்கனின் வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 1,575 மி.மீ., நின்ஜாவுக்கு 1,410. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வல்கனில் செங்குத்திலிருந்து 31 டிகிரி படுத்திருக்கிறது, நின்ஜாவில் 24. எடையிலும் வல்கன் முப்பது கிலோவுக்கு மேல் கூட. இப்படி நீளமாக, ஃபோர்க் படுத்தவாக்கில் இருக்கிற வண்டி நேர் ரோட்டில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும், நீங்கள் ஹேண்டிலைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதே குணம்தான் வளைவில் பிடிவாதமாக மாறுகிறது. நின்ஜாவில் ஹேண்டிலை லேசாகத் தள்ளினாலே சாயும். வல்கனில் தள்ளி, சாய்வதற்குக் காத்திருந்து, மறுபடி தள்ள வேண்டும். 

அப்புறம் சாய்வு. ஒரு கணக்கு போடுவோம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மலைப்பாதையில் சர்வசாதாரணம். அதில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் பைக் சுமார் 26 டிகிரி சாய்ந்தாக வேண்டும். 60-இல் போனால் 35 டிகிரி. வேகம் கூடியது பத்துதான், ஆனால் சாய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதால் ஒன்பது டிகிரி கூடிவிட்டது. இதில் பைக்கின் எடைக்கு எந்த வேலையும் இல்லை, மொபெட்டுக்கும் இதே கணக்குதான், டயர் அகலமாக இருந்தால் இன்னும் சில டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். குரூசர்களில் பலவற்றுக்கு 30 டிகிரிக்கு முன்னே பின்னே ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை, சுருக்கமாக பெக்) தரையைத் தொட்டுவிடும். ஸ்போர்ட் பைக் 45-ஐத் தாண்டியும் சாயும். அதாவது அந்த வளைவில் 50-க்குள் போகிறவரை இரண்டும் ஒன்று. 60-இல் ஒன்று சாதாரணமாகப் போகும், இன்னொன்று தரையைத் தேய்க்கும்.

எனக்கு முதல் தடவை பெக் உரசியது நன்றாக ஞாபகம் இருக்கிறது (வேறு கம்பெனி குரூசர், பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது). கர்ர்ர் என்று ஒரு சத்தம், பூட்ஸின் அடி வழியாகக் கணுக்கால் வரைக்கும் அதிர்ந்தது, வண்டியிலிருந்து ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். பெக் நுனியில் கீழே பார்த்து ஒரு சின்ன போல்ட் துருத்திக்கொண்டிருக்கும், முதலில் உரசுவது அதுதான், "இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்வதற்காகவே வைத்தது. அது தெரியாமல் பயந்துபோய் பைக்கை நிமிர்த்தினேன். நிமிர்ந்த பைக் திரும்புமா? நேராக வளைவை விட்டு வெளியே ஓடி மண் ஓரத்தில் போய் நின்றது. நான் இறங்கவில்லை, ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குரூசரில் மலை ஏற முடியாது என்று சொல்ல வரவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மெதுவாக நுழைந்து, கீழ் ஆர்பிஎம்மின் இழுப்பில் வெளியே வருவது தனி சுகம். உங்கள் 40 கிலோமீட்டரை எந்த வேகத்தில் போவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதுகுவலி சங்கம்

சோபா என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் நானும் விழுந்தேன் நண்பரே.

சோபாவில் உட்கார்ந்தால் சோபா நகராது. குரூசர் நகரும், அதுவும் பள்ளத்தில் நகரும். கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளம் வரும்போது எழும்பி நிற்க முடியாது. 150-இல் நாம் யோசிக்காமலே பெக்கில் காலை ஊன்றி இடுப்பை ஓர் அங்குலம் தூக்கிக்கொள்கிறோம், அந்த அங்குலத்தின் அருமை குரூசர் வாங்கிய பிறகுதான் தெரியும். வல்கனில் பின் சஸ்பென்ஷன் மொத்தம் 80 மி.மீ. தான் அசையும், நின்ஜாவில் 130. மிச்சத்தை வாங்கிக்கொள்வது உங்கள் முதுகெலும்பின் கடைசிக் கணு. நான் மூன்று வருடம் குரூசர் ஓட்டினேன், முதல் நூறு கிலோமீட்டர் ராஜா, இருநூறு தாண்டினால் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் இறங்கி நெளிவேன்.

அப்புறம் காற்று. நிமிர்ந்து கையை விரித்து உட்கார்ந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சே பாய்மரம். பின்னால் போகாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவீர்கள், மாலையில் தோள்பட்டை சொல்லும். கண்ணாடித் தடுப்பு ஒன்று போட்டேன், பாதி வலி போனது, அழகும் பாதி போனது.

ஸ்போர்ட்டில் இது தலைகீழ். குனிந்து உட்காரும்போது எடை மணிக்கட்டில் இறங்கும், ஆனால் வேகம் ஏறினால் அதே காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடித்து மணிக்கட்டின் சுமையைக் குறைக்கும். வலிப்பது 20 கிலோமீட்டரில் ஊர்கிற டிராஃபிக்கில்தான், அந்த வேலைக்கு உங்களிடம் 150 இருக்கிறது. முட்டியால் டேங்கைப் பிடித்து, வயிற்றை இறுக்கி உட்காரப் பழகினால் கை சும்மா இருக்கும். இதை யாரும் முதல் நாளில் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று. நின்ஜா 650-ஐ ஸ்போர்ட் என்று சொல்வதே கொஞ்சம் மிகை, ஸ்போர்ட் சட்டை போட்டுக்கொண்ட சாதாரண பைக் அது. ஹேண்டில் உயரமாகத்தான் இருக்கிறது, சீட் 790 மி.மீ. நிஜ ஸ்போர்ட் என்றால் யமஹா ஆர்6-இல் உட்கார்ந்து பாருங்கள், சீட் 850, பவர் வேண்டுமென்றால் பத்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலே போய்த் தேட வேண்டும், அது வேறு ஜாதி மிருகம்.

வாங்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமில் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், போனைப் பார்க்காமல் உட்காருங்கள். விற்பனையாளர் முறைப்பார், முறைக்கட்டும். ஐந்தாவது நிமிடத்தில் எல்லாமே சோபாதான். பதினைந்தாவது நிமிடத்தில்தான் முட்டி, இடுப்பு, மணிக்கட்டு ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும்.

கிளட்ச் கம்பி

@முதுகுவலி சங்கம், ஆக நீங்களும் என் கட்சிதான்.

முதுகுவலி சங்கம்

உங்கள் கட்சியும் இல்லை. நான் இப்போது வைத்திருப்பது நிமிர்ந்து உட்காரும் நேக்கட் பைக், அதாவது முன்னால் பிளாஸ்டிக் மூடி இல்லாதது. கேள்வி கேட்டவருக்கும் அதையே சொல்லியிருப்பேன், இசட்650 என்று இதே இன்ஜினோடு ஒன்று இருக்கிறது, ஆனால் அவர் இரண்டில் ஒன்று கேட்டார்.

மூன்றாம் கியர்

ஐயா, இரண்டில் குழம்பியவனுக்கு மூன்றாவதைக் காட்டாதீர்கள். இருபது நிமிட யோசனை பிடித்திருக்கிறது, இந்த வாரமே செய்கிறேன்.

பின்சீட்டுக்காரி

மாதம் ஒரு தடவை வருகிறவர் சார்பில் பேச இங்கே யாரும் இல்லை போல, அதனால் நான் வந்தேன். எட்டு வருடம் கணவரின் இரண்டு பைக்குகளில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், முதலில் ஸ்போர்ட், பிறகு குரூசர். இப்போது சொந்தமாக ஒன்று ஓட்டுகிறேன், அதற்குக் காரணம் அந்த இரண்டு பின்சீட்டுகள்தான்.

ஸ்போர்ட்டில் பின்சீட் மாடிப்படியின் மேல்படி மாதிரி. ஓட்டுகிறவரின் தலைக்கு மேலாக ரோடு நன்றாகத் தெரியும், முட்டி மட்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். பிரேக் பிடித்தால் என் எடை முழுக்க அவர் முதுகில், அவர் எடை அவர் மணிக்கட்டில். நான் டேங்கில் கையை ஊன்றிக்கொண்டால் இருவருக்கும் கொஞ்சம் நிம்மதி, ஆனால் அதற்கு என் கை அவரைத் தாண்டி நீள வேண்டும். ஒரு மணி நேரம் தாங்கும். அவ்வளவுதான்.

குரூசர் என்றால் சொகுசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், முதுகுச் சாய்மானம் இல்லாத குரூசரில் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது நான் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போவேன், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் வயிற்றை எக்கிக்கொண்டு பிடித்திருக்க வேண்டும். பின்பக்க மட்கார்டுக்கு மேலே வைத்த சின்ன மெத்தை அது, அழகுக்கு வைத்தது. சாய்மானம் மாட்டின பிறகு நிலைமையே வேறு, ஒரு தடவை தூங்கிக்கூடப் போயிருக்கிறேன், அதைச் சொன்னதும் அவர் பயந்துவிட்டார்.

ஆகவே ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் அவங்களுக்குக் கொடுங்கள். பின்னால் ஆள் ஏறினால் சஸ்பென்ஷன் இன்னும் அமுங்கும், மேலே ஒருவர் சொன்ன அந்தப் பெக் உரசல் இன்னும் சீக்கிரம் வரும், இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் 14

சார், எல்லோரும் ஓடும் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் வருகிற பெரிய பைக்குகளில் பாதிக்கு மேல் விழுந்தது வேகத்தில் இல்லை, நின்ற இடத்தில். சைட் ஸ்டாண்ட் சரியாக விழவில்லை, யூ-டர்னில் கால் வழுக்கியது, பின்னோக்கித் தள்ளும்போது சரிவு, இப்படித்தான். நின்ஜா நின்றபடி சாய்ந்தாலே ஃபேரிங்கில் (வண்டியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடி) கீறலோ விரிசலோ நிச்சயம், லீவர் வளையும். குரூசரில் கிராஷ் கார்டு போட்டிருந்தால் அது தாங்கிக்கொள்ளும், ஆனால் 230 கிலோவைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முறை இருக்கிறது. பைக்குக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் இடுப்பை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் ஃப்ரேமில், முழுக்கக் கால் பலத்தால் சின்ன அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் எழும்பிவிடும். அதற்கு முன்னால் வலது பக்கமாக விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை வெளியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் விழும். பார்த்திருக்கிறேன்.

தாழ்ந்த சீட் என்பதால் குரூசரை மெதுவாக ஓட்டுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். நிற்கும்போது சுலபம், ஊரும்போது இல்லை. படுத்த ஃபோர்க் இருக்கிற வண்டியில் ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் முன் வீல் தானாகவே உள்பக்கம் விழப் பார்க்கும். ஹாஃப் கிளட்ச்சில் வைத்து, பின் பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டு, பார்வையைப் போக வேண்டிய இடத்தில் வைத்தால் அடங்கும். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவீர்கள். நிஜ ஸ்போர்ட் பைக்குகளில் பிரச்சினை வேறு, ஹேண்டில் அவ்வளவாகத் திரும்பாது, திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் கிளிப்-ஆன் என்கிற தாழ்ந்த ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டும்.

பிரேக் பற்றி ஒரு வரி. நின்ஜாவில் முன்னால் இரண்டு டிஸ்க், வல்கனில் ஒன்று. குரூசரில் எடை பின்னால் இருப்பதால் பின் பிரேக் நிஜமாகவே வேலை செய்யும், அதைப் பயன்படுத்தப் பழகுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லாத பழைய வண்டி எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டுக்கும் செயின்தான், 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் துடைத்து எண்ணெய் விட வேண்டும். பெல்ட் டிரைவ் வேண்டுமென்றால் ஹார்லி பக்கம் போக வேண்டும். பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் குரூசரில் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. குரூசர்கள் பலதும் கம்மியாக ஓடி ஷெட்டிலேயே நிற்கும், டயரில் கட்டை தேயாமலே ரப்பர் செத்திருக்கும். ஸ்போர்ட்டில் பார் நுனி, பெக் நுனி, லீவர் நுனி மூன்றையும் விரலால் தடவுங்கள். கீறல் இருந்தால் விழுந்த வண்டி. புதுசாகப் பளபளத்தால் விழுந்ததை மறைக்க மாற்றியிருக்கலாம், அது இன்னும் சந்தேகம்.

இரண்டு பைக் வைத்திருப்பவர்களுக்கு என் நிரந்தரப் புலம்பல், புதுசு வந்ததும் பழசை மறந்துவிடுவார்கள். 48,000 ஓடிய உங்கள் 150-க்கு செயினும் ஸ்ப்ராக்கெட்டும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

பழைய சாவி

தம்பி, நான் முப்பது வருடமாக ஓட்டுகிறேன், குரூசரா ஸ்போர்ட்டா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் இரண்டாவது பைக் என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்கிற ஆராய்ச்சியாளர், தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காரர், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். பழசுதான், ஆனாலும் அதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. விபத்தில் சிக்கியவர்களின் மொத்த ஓட்டும் அனுபவம் சராசரியாக மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விபத்தான அந்தப் பைக்கோடு பழக்கம் ஐந்து மாதத்துக்கும் கம்மி. ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை, அந்த வண்டி பழகாதவர்கள். உங்களுக்கு ஆறு வருடக் கை இருக்கிறது, அது 150-இன் கை. அதே பழக்கத்தில் முன் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் தொட்டால் 68 குதிரைத்திறன் வேறு மாதிரி பதில் சொல்லும்.

வகையைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு அமைப்பு 2007-இல் வெளியிட்டது. பதிவான 10,000 பைக்குகளுக்கு எத்தனை ஓட்டுநர் இறப்பு என்று 2005-க்குப் பார்த்ததில் குரூசரிலும் சாதாரண பைக்கிலும் 5.7, சூப்பர்ஸ்போர்ட்டில் 22.5. இதை வைத்துக்கொண்டு உங்கள் நண்பர்கள் பயமுறுத்துவார்கள். சூப்பர்ஸ்போர்ட் என்றால் ஆர்6 மாதிரி வண்டிகள், ஓட்டியவர்களில் இளவட்டம் அதிகம். நின்ஜா 650-ஐ அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நியாயம் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் போடும்போது ஃபேரிங்கைப் பார்த்ததும் பல இடங்களில் கூடத்தான் கேட்பார்கள், வாங்கும் முன்னாலேயே இரண்டுக்கும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் ஐந்து மாதம் மனைவியைப் பின்னால் ஏற்றாதீர்கள். காலியான மைதானத்தில் இரண்டு காலை வேளை, 40-இலிருந்து பூஜ்யத்துக்கு பிரேக் பிடித்துப் பழகுங்கள், கைக்கு அந்த வண்டி தெரியும் வரை. இவ்வளவுதான், எந்தக் கலர் வாங்கினீர்கள் என்று படம் போடுங்கள்.

மூன்றாம் கியர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஸ்பேனர் அண்ணனின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் தப்பிக்கிறேன்.

இருபது நிமிடம் உட்கார்ந்தேன். வல்கனில் பன்னிரண்டாவது நிமிடத்தில் வால் எலும்பு பேசியது. நின்ஜாவில் பதினெட்டு வரைக்கும் எதுவும் பேசவில்லை, அப்புறம் இடது மணிக்கட்டு மட்டும் லேசாக. விற்பனையாளர் முறைக்கவில்லை, நாற்காலி கொண்டுவந்து போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நேர் ரோட்டில் வல்கன் என்னை ரொம்பவே மயக்கியது. ஆறாவது கியரில் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பது 150-இல் எனக்குக் கிடைத்ததே இல்லை. சத்தம்தான் ஏமாற்றம், குரூசர் என்றால் காதில் இருக்கிற அந்த வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) துடிப்பு இதில் வராது. திரும்பி வரும்போது ஒரு ரவுண்டானாவில், பெரிய வேகம்கூட இல்லை, கர்ர்ர். மேலே எழுதியிருந்ததைப் படிக்காமல் போயிருந்தால் நானும் நிமிர்த்தியிருப்பேன். படித்திருந்ததால் சாய்வை அப்படியே வைத்து வெளியே வந்தேன். கை நடுங்கியது, ஆனால் வெளியே வந்தேன்.

நின்ஜாவில் முதல் சிக்னலிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டேன், பின்னால் ஹாரன். கால் பாதிதான் ஊன்றுவது பத்து நிமிடத்தில் பழகிவிட்டது, ஒரு காலை முழுசாக ஊன்றி இன்னொன்றை பெக்கிலேயே வைத்துக்கொண்டால் போதும் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு வளைவு, சின்னதுதான், பார்த்த இடத்துக்கு வண்டி போனது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

மனைவியையும் கூட்டிப்போயிருந்தேன். நின்ஜாவின் பின்சீட்டைப் பார்த்து "இது சீட்டா, தபால்தலையா" என்றாள். வல்கனில் ஏறி உட்கார்ந்து, பின்பக்கம் சாய்ந்து பார்த்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் என் சட்டையைப் பிடித்தாள். இறங்கி இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்து, "நீங்க எதை வேணா வாங்கிக்கங்க, நான் 150-ல பின்னாடி வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். 

நின்ஜாவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. சாம்பல் நிறம்.

பின்சீட்டுக்காரி

அவங்களுக்கு என் வாழ்த்து. ஹெல்மெட் அவங்க அளவுக்குப் புதுசா ஒன்று வாங்குங்க, உங்க பழசைக் கொடுக்காதீங்க.

சாய்வுக் கோணம்

மலை வளைவில் அவங்க முன்னால போகட்டும், நீங்க பின்னால போங்க. 150-இன் வேகத்தில் போனால் முதல் ஐந்து மாதம் பத்திரமாகக் கழியும்.

ஸ்பேனர் 14

எல்லாம் சரி சார், இனிமேல் அந்த 150-இல் போகப் போவது அவங்க. செயின்?

மூன்றாம் கியர்

போட்டதிலிருந்து மாற்றவே இல்லை அண்ணா. இப்போதுதான் கீழே போய்ப் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன், பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.